இலச்சினைக்கு ஏழு நாள். உயிருக்கு எத்தனை நாள்?

"ஆள் பாதி, ஆடை பாதி" என்றனர் நம் முன்னோர். இன்றோ ஆடையிற் பாதியை, அதன் கழுத்துப் பட்டியின் உட்புறத்தே தைக்கப்பட்டிருக்கும் ஒரு சிறு துணித்துண்டு பிடித்துக்கொண்டது. ஒரே நூல், ஒரே துணி, ஒரே தையல். ஆயினும் அத்துண்டிலே பொறிக்கப்பட்ட பெயரும் இலச்சினையும் மாறினால் விலையும் மாறிவிடுகின்றது. அத்தகைய இலச்சினை ஒன்று 2010ஆம் ஆண்டு மாற்றப்பட்டபோது அமெரிக்க மக்கள் கொதித்தெழுந்தார்கள். ஏழே நாளில் அந்நாட்டின் பெரும் வணிக நிறுவனம் ஒன்று பணிந்தது.

அமெரிக்கக் கடை ஒன்றின் பெயர்ப்பலகைக்கும் வன்னிப் பெருநிலப்பரப்பிலே வாழும் நமக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு உண்டு என்றே கூறுகின்றோம். விடியுமுன்னே பஸ் ஏறி, கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் நம் பெண்மக்களைக் கேட்டால் அவர்கள் அதனை உணர்த்துவார்கள். மேலை நாட்டுக் கடைகளின் இலச்சினைகளை ஆடைகளிலே வைத்துத் தைக்கும் கைகள் அவர்களுடைய கைகளேயாம்.

ஏழே நாளில்

நடந்தது இது. டொனால்ட் பிஷர், டோரிஸ் பிஷர் என்னும் தம்பதியர் 1969இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் 'கேப்' என்ற பெயரில் ஓர் ஆடைக் கடையைத் தொடங்கினர். 'கேப்' என்றால் இடைவெளி. பெற்றோர் தலைமுறைக்கும் பிள்ளைகள் தலைமுறைக்கும் இடையே உள்ள இடைவெளியைச் சுட்டியே அப்பெயர் இடப்பட்டது. அக்கடை உலகெங்கும் கிளைபரப்பியது. நீலச் சதுரத்தின் நடுவே வெள்ளை நிறத்தில், ஒடுங்கி உயர்ந்த மூன்று எழுத்துக்கள். இதுவே இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதன் இலச்சினையாக விளங்கியது.

2010 ஒக்டோபர் 4ஆம் திகதி, எவ்வித முன்னறிவித்தலுமின்றி அந்நிறுவனம் தன் இணையத்தளத்தில் புதிய இலச்சினை ஒன்றை ஏற்றியது. நீலச் சதுரம் சுருங்கி, கடைசி எழுத்தின் தலைமேல் ஒரு மூலையிலே ஒட்டிக்கொண்டு நின்றது. எழுத்துக்களோ எந்தக் கந்தோரின் அறிவித்தற் பலகையிலும் காணக்கூடிய சாதாரண அச்செழுத்துக்களாக மாறியிருந்தன. காலத்துக்கேற்ற புதுமை என்று நிறுவனம் எண்ணியது. மக்கள் அவ்வாறு எண்ணவில்லை. முகநூலிலே கண்டனங்கள் ஆயிரக்கணக்கிற் குவிந்தன. எந்தப் பெயரை இட்டாலும் அதே பாணியிலே இலச்சினை ஆக்கித் தரும் கேலித் தளம் ஒன்றைச் சிலர் அமைத்தனர். இலச்சினையே வாய்திறந்து பேசுவதுபோல வேறொருவர் நையாண்டி எழுதினார்.

நிறுவனம் முதலிலே சமாளிக்க முயன்றது. நீங்களே நல்ல வடிவங்களை வரைந்து அனுப்புங்கள் என்று மக்களை அழைத்தது. கூலியில்லா உழைப்பைக் கேட்கிறீர்களா என்று வரைகலைஞர்கள் சீறினர். ஒக்டோபர் 11ஆம் திகதி புதிய இலச்சினை கைவிடப்பட்டது. பழைய நீலச் சதுரம் மீண்டும் அரியணை ஏறியது. தாங்கள் இக்கருமத்தைச் சரியான வழியிற் செய்யவில்லை என்று நிறுவனத்தின் வட அமெரிக்கத் தலைவராயிருந்த மார்க்கா ஹான்சன் அம்மையார் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் அவர் அப்பதவியிலிருந்து விலகினார்.

வேலைநிறுத்தமில்லை, ஊர்வலமில்லை, ஒரு கல்லும் எறியப்படவில்லை. வாங்குவோர் வாய் திறந்தனர், விற்போர் அடிபணிந்தனர். சட்டப்படி இலச்சினை கடைக்காரனுடையது. ஆயினும் நாள்தோறும் கண்டு, நம்பி, பணம் கொடுத்துப் பழகிய மக்கள் அதனைத் தமதென்றே கொள்கின்றனர். இதுவே அந்த ஏழு நாளும் புகட்டிய முதற் பாடம்.

ஓர் எழுத்துக்காகவா?

இதற்கெல்லாமா இவ்வளவு ஆரவாரம் என்று நாம் எள்ளி நகையாட மாட்டோம். எழுத்தும் இலச்சினையும் எத்துணை வலிமை வாய்ந்தவை என்பதைத் தமிழினம் பட்டு அறிந்துள்ளது. 1957ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் மோட்டார் வாகனங்களின் இலக்கத் தகட்டிலே ஆங்கில எழுத்துக்களுக்குப் பதிலாகச் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டபோது, ஓர் எழுத்துக்காகவா போராட்டம் என்று கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள். தமிழர் தம் வாகனங்களிலே தமிழ் எழுத்தைப் பொறித்து நீதிமன்றம் ஏறினர், சிறை புகுந்தனர். 1958 மார்ச் மாதத்தில் அவ்வெழுத்துத் தாங்கிய அரசாங்க பஸ் வண்டிகள் வடக்கே அனுப்பப்பட்டன. இங்கே சிங்கள எழுத்து அழிக்கப்பட்டது. தெற்கே தமிழ்ப் பெயர்ப்பலகைகளிலே தார் பூசப்பட்டது. ஏப்ரல் 9ஆம் திகதி பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்திலே நாடு தீப்பற்றி எரிந்தது.

அமெரிக்கக் கடை ஏழு நாளிற் பணிந்தது. இந்நாட்டு அரசு ஏன் பணியவில்லை? காரணம் வெளிப்படை. பிடிக்காத கடையை விட்டு மக்கள் அடுத்த கடைக்குச் செல்லலாம். வணிகன் அதற்கு அஞ்சுகிறான். பிடிக்காத அரசை விட்டுச் சிறுபான்மை இனம் எங்கே செல்லும்? பெரும்பான்மை வாக்கினால் அமைந்த ஆட்சி அதன் கோபத்துக்கு அஞ்சத் தேவையில்லை. குரலின் வலிமை குரலிலே மட்டும் இல்லை. கேட்பவன் எதனை இழக்க அஞ்சுகிறான் என்பதிலேயே அது தங்கியிருக்கிறது. இதனை நம் மக்கள் நெஞ்சில் இருத்தவேண்டும். இக்கட்டுரையின் முடிவு இவ்வுண்மையின் மீதே நிற்கிறது.

சினமெல்லாம் நீதியாகாது

மக்கள் திரண்டு எழுப்பும் குரலெல்லாம் நீதியின் குரல் என்றும் நாம் கூறவில்லை. 2013ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே தென்னிலங்கையில் வேறோர் இலச்சினையின் மீது சினம் மூட்டப்பட்டது. உணவுப் பொருள்களில் இடப்பட்ட ஹலால் இலச்சினையே அது. அதனால் எவருக்கும் ஒரு தீங்கும் நேரவில்லை. தம் சமய நெறிக்கேற்ற உணவு எதுவென ஒரு சமூகம் அறிந்துகொள்ள உதவியது, அவ்வளவே. ஆயினும் கூச்சல் வலுத்தது. அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா மார்ச் மாதத்திலே அவ்விலச்சினையை உள்நாட்டுச் சந்தையிலிருந்து விலக்கிக்கொள்ள இணங்கியது. அதனோடு கூச்சல் அடங்கியதா? இல்லை. மார்ச் 28ஆம் திகதி இரவு கொழும்பை அடுத்த பெபிலியானவில், முஸ்லிம்களுக்குச் சொந்தமான 'பஷன் பக்' என்னும் ஆடை நிறுவனத்தின் களஞ்சியத்தை ஒரு கும்பல் தாக்கியது.

அமெரிக்காவிலே தாம் வாங்கும் கடையின் இலச்சினைக்காக மக்கள் பேசினர். பெபிலியானவிலே தாம் பகைக்கும் இனத்தின் இலச்சினையை ஒழித்த பின்னரும் அடங்காமல் கல்லெடுத்தனர். முன்னது வாங்குவோர் உரிமை, பின்னது காடைத்தனம். ஆகவே மக்கள் எழுந்தார்களா என்பது மட்டும் கேள்வியன்று. எதற்காக எழுந்தார்கள், யாருக்காக எழுந்தார்கள் என்பதே கேள்வி.

டிசெம்பர் 14

அக்கேள்வியை மீண்டும் அமெரிக்கக் கடையின் வாசலுக்கே கொண்டு செல்வோம்.

இலச்சினைப் போர் முடிந்து இரண்டு மாதங்கள்தாம் கழிந்திருந்தன. 2010 டிசெம்பர் 14ஆம் திகதி, வங்காளதேசத் தலைநகர் டாக்காவுக்கு அண்மையில் உள்ள ஆசுலியாவில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் மேல்மாடியிலே தீப்பற்றியது. இருபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர் மாண்டனர். கருகாமல் தப்பச் சாளரங்கள் வழியே குதித்து உயிர்நீத்தோரும் அவர்களுள் உளர். வெளியேறும் வழிகள் பூட்டிக்கிடந்தன எனத் தொழிலாளர் அமைப்புகள் குற்றஞ்சாட்டின. அத்தொழிற்சாலை யாருக்காகத் தைத்தது? அதனிடம் ஆடை வாங்கிய நிறுவனங்களுள் ஒன்று அதே 'கேப்' ஆகும்.

அப்பொழுது ஏழு நாளில் ஏதேனும் நடந்ததா? நடக்கவில்லை. 2013 ஏப்ரல் 24ஆம் திகதி அந்நாட்டின் சவாரில் ராணா பிளாசா கட்டடம் இடிந்து வீழ்ந்து 1,134 உயிர்களைப் பலிகொண்ட பின்னரே, சட்டத்தாற் கட்டுப்படுத்தும் பாதுகாப்பு உடன்படிக்கை ஒன்று பிறந்தது. ஐரோப்பிய நிறுவனங்கள் பல அதிற் கையொப்பமிட்டன. 'கேப்' நிறுவனமோ அதிற் சேரவில்லை. வோல்மார்ட் முதலிய அமெரிக்க நிறுவனங்களோடு கூடித் தனியான ஓர் ஏற்பாட்டை அமைத்துக்கொண்டது.

நீலச் சதுரம் சிறுத்துவிட்டது என்று வருந்திய உள்ளங்கள் கல்லான உள்ளங்கள் அல்ல. அவர்கள் தீயவர்களும் அல்லர். கண்ணுக்குத் தெரிந்ததைப் பற்றிப் பேசினார்கள். தெரியாததைப் பற்றிப் பேசவில்லை. இலச்சினை கண்ணுக்குத் தெரிகிறது, கை தெரிவதில்லை. அணிபவருக்கும் தைப்பவருக்கும் நடுவே கிடக்கும் அந்த இடைவெளியே இவ்வுலகின் மிகப் பெரிய இடைவெளியாகும்.

கையைக் காட்டாத இலச்சினை

2010 ஒக்டோபரின் அந்த வாரத்திலே நம் மக்கள் எங்கே இருந்தனர்? போர் ஓய்ந்து ஓராண்டும் சில மாதங்களும் சென்றிருந்தன. வன்னி மக்களுட் பல்லாயிரவர் அப்பொழுதும் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமிலே தறப்பாளின் கீழ் வாழ்ந்தனர். அம்முகாம் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரிலேதான். மீண்டு வந்தோர் கூரையற்ற வீட்டையும் பற்றை மூடிய வயலையும் கண்டனர். கணவனை இழந்த பெண்கள் குடும்பப் பாரத்தைத் தோளிலே சுமந்தனர். அந்நிலையிற்றான் ஆடைத் தொழிற்சாலைகள் வன்னிக்கு வந்தன. கிளிநொச்சியிலே மாஸ் நிறுவனம் 'விடியல்', 'வானவில்' என இரு தொழிற்சாலைகளை நிறுவியது. வவுனியாவிலே இத்தாலிய உடைமையிலுள்ள ஒமேகா லைன் நிறுவனம் தொழிற்சாலை அமைத்தது.

வேலை தந்த எவரையும் தூற்றுவது நம் நோக்கமன்று. மாதம் முடிந்ததும் கைக்கு வரும் சம்பளம் எத்தனை அடுப்புகளை எரியவைத்தது என்பதை நாம் அறிவோம். வாயிலிலே தமிழ்ப் பெயர் ஒளிர்வது கண்டு மகிழவும் செய்தோம். ஆனால் அந்த வாயிலைக் கடந்து வெளியே செல்லும் ஆடையிலே விடியலும் இல்லை, வானவிலும் இல்லை. கடல்கடந்த கடையின் பெயரே உண்டு. தைத்தவள் கிளிநொச்சியாளா, டாக்காவினளா என்று அதனை அணிபவர் அறியமாட்டார். அவள் நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் இயந்திரத்தின் முன் இருந்தாள், கூலி அவள் வீட்டுக்குப் போதுமானதாயிற்றா என்பவற்றையும் அத்துணித்துண்டு உரைப்பதில்லை.

ஆடைக்கு மட்டுமன்று இக்கதி. தேயிலைப் பெட்டியிலே சிங்க இலச்சினை உண்டு; கொழுந்து பறித்த மலையகத் தாயின் சுவடு இல்லை. 1977ஆம் ஆண்டின் வன்செயலால் விரட்டப்பட்டு வந்து நம்மோடு வன்னி மண்ணைத் திருத்திய மலையகக் குடும்பங்கள் இதனை நன்கறியும். நம் கமக்காரனின் நிலையும் இதுவே. இரணைமடுக் குளத்து நீரிலே விளைந்த நெல், களத்துமேட்டிலேயே மூட்டையாகி லொறியேறிப் போகிறது. எங்கோ ஓர் ஆலையிலே அரிசியாகி, யாரோ ஒருவரின் இலச்சினை பொறித்த பையிலே புகுந்து, நம்மூர்க் கடைக்கே திரும்பியும் வருகிறது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கும் மிஞ்சாது என்ற பழமொழி, உழவனின் பெயர் பையிலே இல்லாத காலம் வரை பொய்க்கப் போவதில்லை.

கேட்டோர் பெற்றனர்

இவ்வாறெல்லாம் கூறி மக்களின் குரல் பயனற்றது என்று சோர்வை ஊட்ட நாம் எழுதவில்லை. அதற்கு மாறான சான்றும் உண்டு. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்று பரவிய வேளையிலே மேலைநாட்டுக் கடைகள் பல, தைத்து முடித்த ஆடைகளுக்குக்கூடப் பணம் தர மறுத்து, கொடுத்த கட்டளைகளை நீக்கின. கூலியின்றித் தொழிலாளர் தவித்தனர். அப்பொழுது அமெரிக்காவில் 'கடனைச் செலுத்து' என்னும் பொருளிலே ஒரு கையெழுத்து இயக்கம் எழுந்தது. இலட்சக்கணக்கானோர் ஒப்பமிட்டனர். அதன் பயனாகப் பல நிறுவனங்கள் பணம் செலுத்த இணங்கின. 'கேப்' நிறுவனமும் அவற்றுள் ஒன்று.

பத்தாண்டுகளுக்கு முன்னர் நீலச் சதுரத்துக்காக எழுந்த அதே குரல், இம்முறை கைகளுக்காக எழுந்தது, வென்றது. வாடிக்கையாளனை இழப்போம் என்னும் அச்சம் இலச்சினைக்கு மட்டுமே வேலை செய்யும் என்பதில்லை. கூலிக்கும் அது வேலை செய்யும். உயிர்ப் பாதுகாப்புக்கும் வேலை செய்யும். கேட்பதற்கு ஆள் வேண்டும், அவ்வளவே.

அந்த ஆள் நம்மிடம் இருக்கிறான்! ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் சிட்னியிலும் வாழும் நம் உற்றார் அக்கடைகளின் வாடிக்கையாளர்கள் அல்லரோ? பரந்தனிலே தங்கை தைத்த சட்டையை ரொறன்ரோவிலே தமையன் அறியாமலே அணிந்து செல்லக்கூடிய விந்தையான காலம் இது. தைக்கும் கையும் வாங்கும் கையும் ஒரே குடும்பத்திலே இருக்கும் இனங்கள் உலகிற் பல இல்லை. இவ்வலிமையை நாம் இன்னும் உணரவில்லை.

செய்ய வேண்டுவன

ஆகவே மூன்று கருமங்களை நம் மக்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, கடல்கடந்து வாழும் உறவினர், ஆடை வாங்கும் கடையிலே ஒரு கேள்வி கேட்கப் பழகவேண்டும். இதனைத் தைத்தவர் யார், அவருக்குக் கூலி என்ன, அத்தொழிற்சாலையின் வாயில் திறந்திருக்கிறதா என்பதே அக்கேள்வி. ஒருவர் கேட்டால் நகைப்பர். ஆயிரவர் கேட்டால் குறித்துக்கொள்வர். இலட்சம் பேர் கேட்டால் பணிவர். ஊரிலிருக்கும் நாம் அவர்களோடு பேசும்போது கோயில் திருவிழாவையும் காணி விலையையும் மட்டும் பேசாமல் இதனையும் பேசுவோமாக.

இரண்டாவது, நம் சட்டத்தரணிகளும் ஆசிரியர்களும் கணக்காளர்களும் தொழிற்சாலைப் பெண்களின் பக்கத்திலே நிற்கவேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் இந்நாட்டு ஆடைகளுக்கு அளித்த ஜீ.எஸ்.பி. பிளஸ் தீர்வைச் சலுகை, மனித உரிமையும் தொழிலாளர் உரிமையும் உள்ளிட்ட 27 சர்வதேசச் சமவாயங்களோடு பிணைக்கப்பட்டது. அதே 2010ஆம் ஆண்டு ஓகஸ்டில் அச்சலுகை நிறுத்தப்பட்டது; 2017 மே மாதத்திலேயே மீண்டும் கிடைத்தது. சங்கம் அமைக்கும் உரிமை முதலாளி தரும் பிச்சையன்று. அச்சலுகைக்கு விலையாக இந்த நாடு எழுதிக்கொடுத்த வாக்குறுதி. இதனை எளிய தமிழிலே எழுதி அப்பெண்களின் கையிலே கொடுப்பது கற்றோர் கடன்.

மூன்றாவது, நமக்கென்று இலச்சினைகள் வேண்டும். கூட்டுறவுச் சங்கங்களும் பெண்களின் நெசவு, தையற் சங்கங்களும் தம் விளைபொருளையும் கைப்பொருளையும் தம் பெயரிலேயே விற்கவேண்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் வணிகக் குறியைப் பத்து ஆண்டுகளுக்குப் பதிவுசெய்யவும், பின்னர் புதுப்பித்துக்கொள்ளவும் இடந்தருகிறது. பலர் கூடி ஒரு கூட்டுக் குறியைப் பதியவும் வழியுண்டு. இலங்கைக் கறுவா 2022ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியத்திலே புவிசார் குறியீடு பெற்றது. கறுவாவுக்கு இயன்றது வன்னி அரிசிக்கும் வன்னித் தறிக்கும் ஏன் இயலாது? ஆனால் ஓர் எச்சரிக்கை. இலச்சினை அழகாக இருந்தாற் போதாது. மூட்டைக்குள்ளே கல்லும் பதரும் இருந்தால் எந்தச் சித்திரக்காரனும் அதனைக் காப்பாற்ற மாட்டான். நாளை நம் இலச்சினையின் கீழ் நம்மவரே ஒரு பெண்ணுக்குக் குறைந்த கூலி கொடுத்தால், மேலைநாட்டு வணிகனைக் கேட்ட அதே கேள்வியை நம்மையும் கேட்க அவளுக்கு முழு உரிமை உண்டு.

அமெரிக்க மக்கள் ஏழு நாளிலே ஒரு நீலச் சதுரத்தை மீட்டனர். அது சிறிய காரியம். ஆயினும் பெரிய காரியத்துக்கு வழி எதுவென அது காட்டியது. ஊர் கூடினாலன்றித் தேர் நகராது. வாங்கும் கையும் தைக்கும் கையும் உழும் கையும் எழுதும் கையும் ஒரே வடத்தைப் பற்றட்டும். அன்று இலச்சினைக்குக் கிடைத்த ஏழு நாள் நீதி, அதனைத் தைக்கும் கைகளுக்கும் கிடைத்தே தீரும்.